இலக்கங்களைக் களைதல்: ஒரு சிறு வரலாறு

கணினி நிரல் எழுதப் பழகுவோருக்கு ஆரம்பத்திலேயே கொடுக்கப்படும் பயிற்சிகளுள் ஒன்று, ஒரு வசனத்திலிருந்து வேண்டாத இலக்கங்களை நீக்குவதாகும். கலைப்பட்டதாரியான நான் ஐம்பது வயதைக் கடந்த பின்னர் அப்பயிற்சியைச் செய்ய நேர்ந்தது. பத்திரிகையில் எழுதிய பழைய கட்டுரைகளைக் கணினியேற்றியபோது, பக்க எண்கள் பந்திகளுக்கு நடுவே தனி வரிகளாகப் புகுந்திருந்தன. பைத்தன் மொழியில் ஒரேயொரு வரி எழுதி, 0 முதல் 9 வரையான இலக்கங்கள் அனைத்தையும் நீக்கினேன். கண்ணிமைக்கும் நேரத்தில் பக்கங்கள் துப்புரவாகின.

இத்தனை எளிதான கட்டளை எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, அதன் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கக் கண்டேன். 1943 இல் மக்கலக், பிற்ஸ் ஆகிய இருவரும் மனித மூளையின் நரம்புக்கலங்களைக் கணித முறையில் விளக்க முற்பட்டனர். அதனைத் தொடர்ந்து ஸ்டீபன் கிளீன் என்ற கணித அறிஞர், எழுத்துக்கோவைகளின் ஒழுங்கைக் குறிக்கும் குறியீட்டு முறையொன்றை 1951 இல் வகுத்தார். அது 1956 இல் அச்சேறியது. மூளையை விளங்கிக்கொள்ளப் பிறந்த அக்குறியீட்டை, எழுத்துகளைத் தேடும் கருவியாக மாற்றியவர் அமெரிக்கப் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கென் தொம்சன். அவரது கட்டுரை வெளியான ஆண்டு 1968.

பத்திரிகைக்காரனுக்கு உவப்பான கட்டம் இனித்தான் வருகின்றது. 1787-88 காலப்பகுதியில் நியூயோர்க் பத்திரிகைகளில் ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் வெளிவந்தன. மொத்தம் 85. எழுதியவர்கள் ஹமில்டன், மடிசன், ஜே ஆகிய மூவர். எந்தக் கட்டுரை எவருடையது என்ற சர்ச்சை நெடுங்காலம் நீடித்தது. பெல் ஆய்வுகூடத்தின் லீ மக்மஹோன் இதனைக் கணினி கொண்டு ஆராய விரும்பினார். அன்றைய கணினியின் நினைவகமோ அக்கட்டுரைகளை ஒன்றாக ஏற்றப் போதவில்லை. அவருக்காகத் தொம்சன் ஒரே இரவில் ஆக்கிக்கொடுத்ததே ‘கிரெப்’ என்னும் தேடற் கருவி எனப் பிரையன் கேர்னிகன் பதிவுசெய்துள்ளார். பின்னர் 1973-74 இல் அதே மக்மஹோன் ‘செட்’ என்ற கருவியை உருவாக்கினார். ஒரு வடிவத்தைத் தேடி, அதனிடத்தில் வேறொன்றை இடுவது, அல்லது எதையுமே இடாது விடுவது அதன் தொழில். இலக்கங்களைக் களைவதும் அவ்வாறே: தேடு, கண்டால் வெறுமையை இடு.

அந்த வெறுமைதான் என்னைத் திடுக்கிட வைத்தது. துப்புரவான பக்கங்களை வாசித்துக்கொண்டு வந்தபோது, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது பற்றிய கட்டுரை குறுக்கிட்டது. ‘ஆம் ஆண்டு மே ஆம் திகதி இரவு’ என்றிருந்தது. 1981 என்பதும் 31 என்பதும் அங்கே இல்லை. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின என்று எழுதியிருந்தேன். அது வெறுமனே ‘, நூல்கள்’ என்றாகியிருந்தது. நடந்தது நடந்தபடியே இருக்க, எப்போது, எவ்வளவு என்ற இரண்டும் என் கையாலேயே அழிந்திருந்தன. மூலப்பிரதி பத்திரமாக இருந்தமையால் தப்பினேன்.

இன்னொரு விந்தையையும் கண்டேன். ௧, ௨, ௩ எனத் தமிழ் இலக்கங்களில் இருந்தவை அனைத்தும் பிழைத்திருந்தன. 0 முதல் 9 வரை என்று எழுதினால், கணினி அவற்றை இலக்கமாகக் கொள்வதில்லை. மாறாக, ‘இலக்கம் எதுவாயினும்’ என்ற பொதுக் குறியீட்டை இட்டிருப்பின், 2008 இல் வெளியான பைத்தன் 3 முதல் அவையும் அகப்பட்டிருக்கும். அப்போதுங்கூட, பத்தைக் குறிக்கும் ௰ தப்பியிருக்கும். ஒருங்குறியில் அது எண்ணே தவிர இலக்கமன்று.

மறுமுறை கட்டளையைத் திருத்தி எழுதினேன்: ஒரு வரி முழுவதும் இலக்கமாகவே இருந்தால் மட்டும் நீக்குக. பக்க எண்கள் போயின, ஆண்டுகள் நின்றன. ஓர் இலக்கம் வேண்டாததா என்பதை அவ்விலக்கம் சொல்வதில்லை. அது நிற்கும் இடமே சொல்லும். அழிப்பதற்கு முன்னர் மூலத்தைப் பேணுவதும், அழித்த பின்னர் ஒருமுறை வாசிப்பதும் நிரல் எழுதுவோருக்கு மட்டுமன்றி, வரலாறு எழுதுவோருக்கும் உரிய கடமையாகும்.