கொல்லைக் கதவும் குழாய் நீரும்

மலசலம் கழித்தபின் தண்ணீரால் சுத்தி செய்துகொள்வது தமிழ்நாட்டில் மிகப் பழைய வழக்கம். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றாகிய ஆசாரக்கோவையில் அதன் ஆசிரியர் பெருவாயின் முள்ளியார், புல்வெளி, பயிர் நிலம், சுடலை, வழி, தீர்த்தம், தேவாலயம், நிழல், பசுத்தொழு முதலாகப் பத்து இடங்களை எடுத்துச் சொல்லி, அவற்றில் மலசலம் கழிப்பதும் எச்சில் உமிழ்வதும் ஆகா என்று விலக்கியிருப்பதைப் பார்க்கும்போது, இவ்விஷயம் பேசத் தகாதது என்று அக்காலத்துப் பெரியோர் ஒதுக்கிவிடவில்லை என்பது தெளிவாகிறது. ஆயினும், தன் சரீர சுத்தியைக் குறித்து இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்த சமூகம், கழித்த இடத்தைச் சுத்தி செய்யும் கடமையை யார் தலையில் சுமத்திற்று என்று கேட்டால், அதற்குரிய விடை பெருமைப்படத் தக்கதாயில்லை. துறைமுகப் பட்டினமாகிய கடலூரும் க்ஷேத்திரமாகிய சிதம்பரமும், ஒரே மாவட்டத்தில், ஒன்றுக்கொன்று அணுக்கமாக நின்று, அந்த விடையை நமக்குக் காட்டுகின்றன.

நகரசபைகள் தோன்றுமுன், ஜனங்கள் பொழுது புலர்வதற்குள் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஊர்ப்புறத்துத் தோப்புக்கோ, கெடிலம், பெண்ணையாறு, வெள்ளாறு ஆகியவற்றின் கரையோரத்துக்கோ சென்று, கால் கழுவி, மண்ணிட்டுக் கையைத் தேய்த்து அலம்பி, வாய் கொப்பளித்து வீடு திரும்புவர். குடிகள் நெருக்கமின்றி வாழ்ந்த காலத்தில் வெயிலும் மண்ணும் மற்றக் காரியத்தைப் பார்த்துக்கொண்டன. பெண்கள் இருள் கவியும்வரை காத்திருந்த அவஸ்தையையும், வெறுங்காலில் நடந்தவர்களின் தோலைத் துளைத்து உட்புகுந்து இரத்தத்தை உறிஞ்சிய கொக்கிப்புழுவையும் நினைத்தால், அந்நாளை நற்காலம் என்று கொண்டாட மனம் வராது.

1690-இல் ஆங்கிலேயக் கம்பெனியார் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்குப் பெற்று, அதற்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயரிட்டனர். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த எல்லைவரையில் உள்ள ஊர்களும் அவர்களுக்கே உரியனவாயின. 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயர் அதிகாரத்துக்கு இக்கோட்டையே தலைமையிடமாக விளங்கிற்று. இத்தகைய துரைமார் நம் நாட்டில் கட்டிக்கொண்ட பங்களாக்களில் ஸ்நான அறைக்கு வெளிப்புறமாக ஒரு சிறு கதவு இருக்கும். அறையினுள் பானை வைத்த மரப்பெட்டி ஒன்று ஆசனமாக அமைந்திருக்கும்; அதை எடுத்துக் கொட்டும் ஏவலாள் வீட்டின் மற்றப் பகுதியை மிதிக்காமல் அக்கதவு வழியே வந்து போவான். நம்மவர் ஆசாரத்துக்கும் அவர்கள் வழக்கத்துக்கும் எத்தனையோ பேதம் உண்டு. ஆனால் அந்தப் பின்கதவு விஷயத்தில் இரு சாராரும் ஒத்துப்போனார்கள்.

1866-இல் கடலூரும் 1873-இல் சிதம்பரமும் நகரசபைகள் ஆயின. 1870-களின் இறுதிக்குள் இரயில் பாதையும் வந்துவிட்டது. மார்கழி ஆருத்திரா தரிசனத்துக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும் சிதம்பரத்தில் கூடும் யாத்திரிகர் தொகை பெருகிற்று. திருவிழாவோடு காலராவும் வரும் என்று சர்க்கார் சுகாதார உத்தியோகஸ்தர் அஞ்சிய காலம் அது. நெருக்கமான தெருக்களில் தோப்பும் ஆற்றங்கரையும் எட்டாமற் போகவே, கொல்லைப்புறத்தில் எடுப்புக் கக்கூஸ் கட்டும் வழக்கம் பரவிற்று.

அதன் அமைப்பை இக்காலத்து இளைஞர் பார்த்திருக்கமாட்டார்கள். இரண்டு மூன்று படி ஏறினால் நடுவே துவாரம் விட்ட கல் அல்லது சிமெண்டு மேடை; இருபுறமும் பாதம் வைக்க மேடான இடம்; துவாரத்துக்கு நேர் கீழே தார் பூசிய தகர வாளியோ, மூங்கில் கூடையோ, சில வீடுகளில் வெறும் தரையோ இருக்கும்; பின்சுவரில் தரைமட்டத்தில் ஒரு முழ உயரமுள்ள தகரக் கதவு; அதற்கப்பால் இரண்டு வரிசை வீடுகளின் முதுகுகளுக்கிடையே ஓடும் குறுகிய சந்து. அந்தச் சந்தில், விடியலில், ஒரு பெண்பிள்ளை தகரத் துண்டாலும் துடைப்பத்தாலும் வாரி, சாம்பல் தூவி, கூடையில் நிரப்பித் தலையில் ஏற்றிச் செல்வாள். மழைக்காலத்தில் கூடையினின்று ஒழுகுவது அவள் தோளில் இறங்கும். வீட்டார் அவள் முகத்தைப் பார்த்ததில்லை, பெயரைக் கேட்டதுமில்லை. நகரசபைக் கணக்கில் அவளுக்குச் சம்பளம் உண்டு, ஊர் வழக்கில் அவளுக்குத் தீண்டாமை உண்டு. தண்ணீரால் தம்மைத் தினமும் சுத்தி செய்துகொண்டவர்கள் அந்த அசுத்தத்தின் முழுப் பாரத்தையும் ஒரு குறிப்பிட்ட பிறப்பினர் கையில் வைத்தார்கள் என்பதே இவ்வழக்கத்தின் சரித்திரத்தில் மறைக்கலாகாத உண்மை என்று நான் கருதுகிறேன்.

இதை உணர்ந்தவர்கள் இல்லாமலில்லை. 1901-இல் கல்கத்தா காங்கிரஸ் மகாசபைக்குச் சென்ற காந்தியடிகள், பிரதிநிதிகளின் கக்கூஸ் இருந்த நிலையைக் கண்டு, தாமே துடைப்பம் எடுத்துத் தமக்குரிய இடத்தைச் சுத்தம் செய்துகொண்டதைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சிதம்பரத்திலோ, நந்தனார் சரித்திரம் உலவும் அவ்வூரில், 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கி, ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். பரம்பரைத் தொழிலினின்றும் ஒரு குழந்தை விடுபடுவதற்கு எழுத்தறிவைப்போல உறுதியான வழி வேறில்லை.

கூடை ஒழிந்ததற்குச் சட்டத்தோடு கூடத் தண்ணீருக்கும் பங்கு உண்டு. 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் கழிவுக் குழாயை வளைத்து, அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கி நாற்றத்தை மறிக்கும்படி செய்த உபாயமும், 1890-களில் எக்ஸிட்டர் நகரத்தில் டொனால்ட் காமிரான் அமைத்த செப்டிக் டேங்க் முறையும் மெல்ல மெல்ல நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தன. வளைகுழாயுள்ள பீங்கான் கோப்பையும் தொட்டியும் வந்த வீட்டில் பின்சந்துக் கதவுக்கு வேலையில்லை. 1993-ஆம் ஆண்டு எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும் அதை எடுக்க ஆள் அமர்த்துவதையும் தடைசெய்து மத்திய சர்க்கார் சட்டம் இயற்றினர்.

இனி, குழாய் நீரின் கதை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்துச் செல்வர் மாளிகைகளில் ‘பிதே’ என்னும் ஆசனம் வழக்கிலிருந்தது; மரச்சட்டத்தில் பதித்த நீர்த்தட்டின்மேல் குதிரையேறுவதுபோல் அமர்ந்து கழுவிக்கொள்வது அது. கடலூருக்கு வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் நெடுங்காலம் ஆண்டிருந்தும், செம்பு கையிலிருந்த நமக்கு அந்த ஆசனம் அவசியப்படவில்லை. ஜப்பானில் 1980-இல் டோட்டோ கம்பெனியார் வெந்நீர் பீய்ச்சும் மின்சார ஆசனத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். நம் வீடுகளில் குந்தும் கோப்பை போய் நாற்காலிக் கோப்பை வந்தபோது, அமர்ந்தபடி குவளையால் கழுவுவது சங்கடமாகவே, சுவரில் தொங்கும் கைக்குழாய் வந்தது. பிளம்பரும் கடைக்காரரும் அதை ‘ஹெல்த் ஃபாசெட்’ என்பார்கள். முழங்கால் வலியுள்ள முதியவர்க்கும் பிரசவித்த தாய்மார்க்கும் அது செய்யும் உபகாரம் பெரிது.

அந்த உபகரணத்துக்கும் பராமரிப்பு உண்டு. கடலோரத் தெருக்கள் பலவற்றில் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். கைக்குழாயின் முகத்திலுள்ள நுண்ணிய துவாரங்களைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு கட்டி, சில அடைபட்டு, மிஞ்சியவற்றினின்று நீர் கோணலாகப் பாய்ந்து சுவரையும் உடையையும் நனைக்கும். தலைப்பகுதியைக் கையால் திருகிக் கழற்றி, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்ததில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பொருக்கு உதிரும். கடும் ஆசிட்டில் போட்டால் முலாம் உரிந்துவிடும். உபயோகித்த பின் ஒவ்வொரு தடவையும் சுவரிலுள்ள ‘ஆங்கிள் காக்’ என்னும் அடைப்புத் திருகை மூடவேண்டும். மூடாவிட்டால் ஹோஸ் இரவும் பகலும் அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி ஒருநாள் வெடித்து, மாடித் தொட்டி முழுவதும் தரையில் கொட்டிவிடும். கைக்குழாயைக் கோப்பைக்குள் தொங்கவிடலாகாது. மாடித் தொட்டி காலியாகும் வேளையில் அழுக்கு நீர் பின்னோக்கி இழுக்கப்பட்டுக் குடிக்கும் நீரோடு கலக்கக்கூடும். வீட்டைப் பல நாள் பூட்டி வைத்துத் திரும்பினால், ஹோஸில் வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் கிருமிகள் பெருகியிருக்கும் ஆகையால், முதலில் கோப்பையில் மெதுவாகச் சிறிது நேரம் ஓடவிடுவது நலம். குழாயின் கைப்பிடியை எல்லாரும் தொடுகிறார்கள். தினமும் சோப்பு நீரால் அதைத் துடைப்பதும், பின் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும் தவறக்கூடாதவை.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். கறை போகவில்லையென்று ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருசேர ஊற்றுகிறவர்கள் உண்டு. அவ்விரண்டும் கூடினால் குளோரின் வாயு எழும்; 1915-இல் பெல்ஜியத்து ஈப்ரு போர்முனையில் வீரர்களின் நுரையீரலை எரித்த அதே வாயு. ஜன்னலில்லாத சிறு குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. மேலும், கிருமிநாசினியை மிதமிஞ்சிக் கொட்டினால் செப்டிக் டேங்கில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மடிந்து, தொட்டி சீக்கிரம் நிறைந்துவிடும்.

அந்தத் தொட்டிக்குள்தான் பழைய கொடுமை இன்னும் ஒளிந்திருக்கிறது. மூடி திறந்ததும் மனிதனை இறக்குவதும், ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் விஷவாயுவால் மூச்சடைத்து அவன் மாள்வதும் நம் மாநிலத்தில் ஓயவில்லை. தக்க பாதுகாப்பின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்விப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு முப்பது லட்சம் ரூபாய் அளிக்கவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. ஆகவே, கடலூரிலும் சிதம்பரத்திலும் மற்ற ஊர்களிலும் உள்ள கிருகஸ்தர்களை நான் வேண்டிக்கொள்வது இது: கைக்குழாயையும் கோப்பையையும் உங்கள் கையாலேயே சுத்தம் செய்யுங்கள், தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை, நிரம்பி வழியுமுன்பே, உறிஞ்சும் லாரியை வரவழைத்துக் காலி செய்யுங்கள். லாரிக்கு அழைக்கவேண்டிய எண் 14420.