கட்டைவால் பூனை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்குக் கட்டைவால் பூனை புதியதன்று. சந்தையிலும் உணவுக்கடை ஓரத்திலும் திரியும் பூனைகளுள் சிலவற்றின் வால் பாதியளவே இருக்கும். சிலவற்றின் வால்நுனி முடிச்சிட்டாற்போல் மடங்கியிருக்கும். கண்டவுடன், கதவிடுக்கில் நசுங்கிற்று என்றோ யாரோ வெட்டிவிட்டனர் என்றோ இரங்குவோர் பலர். அடிபட்டு வாலிழந்த பூனைகளும் உண்டுதான். ஆயினும், இவ்வட்டாரத்தில் குறைவாலுடனேயே பிறக்கும் பூனைகள் நெடுங்காலமாக உள்ளன.

சார்லஸ் டார்வின் இதனை 1868ஆம் ஆண்டிலேயே நூலில் குறித்துள்ளார். மலாய்த் தீவுக்கூட்டம், சயாம், பெகு, பர்மா ஆகிய பரந்த நிலப்பரப்பில் பூனைகளின் வால் பாதியளவினது என்றும், நுனியில் முடிச்சுப் போன்ற அமைப்புப் பலவற்றுக்கு உண்டு என்றும் அவர் எழுதினார்.

முன்னோரின் வாலை மனிதர் வெட்டியதால் குட்டிகளும் அவ்வாறே பிறந்தனவோ? அக்கால அறிஞர் சிலர் அவ்வாறு கருதினர். ஜெர்மானிய உயிரியலறிஞர் ஆகஸ்ட் வைஸ்மன் இக்கருத்தைச் சோதித்தார். ஐந்து தலைமுறை எலிகளின் வாலை வெட்டினார்; அவை ஈன்ற 901 குட்டிகளுள் ஒன்றேனும் குறைவாலுடன் பிறக்கவில்லை. உடலிற்பட்ட காயம் வழிவழி தொடர்வதில்லை என்பதற்கு அது சான்றாயிற்று.

அங்ஙனமாயின் காரணம் யாது? விடை 2016இல் கிட்டியது. கருவில் முதுகெலும்புக் கண்ணிகள் வரிசையாகப் பிரிந்து அமைவதை நெறிப்படுத்தும் மரபணு ஒன்றில் நேர்ந்த சிறு மாற்றமே ஆசியக் கட்டைவால் பூனைகளிடம் காணப்பட்டது. முயல்வால் போன்ற உரோமக் குஞ்சமுடைய ஜப்பானியக் கட்டைவால் பூனையும் இம்மாற்றத்தை உடையதே. அப்பூனை 1968இல் அமெரிக்கா சென்று, தனியினமாக வளர்க்கப்பட்டு, 1976இல் அங்குக் கண்காட்சிப் போட்டிக்குரிய இனமாக ஏற்கப்பெற்றது.

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவின் வாலிலாப் பூனையை இதனோடு ஒன்றாக எண்ணுதல் பிழை. அதன் மரபணு வேறு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அம்மாற்றத்தைப் பெறும் கரு பிறவாமலே மடியும். பிறப்பவற்றுள்ளும் சில முதுகெலும்பு நோயால் வருந்தும். ஜப்பானியக் கட்டைவால் பூனையோ இருவழியிலும் மாற்றத்தைப் பெற்றும் நலமாகவே வாழ்கிறது.

ஆதலின், வால் குறைந்த பூனையைக் கண்ட மாணவன், "யார் வெட்டினார்?" என வினவினால், ஆசிரியர் அவ்வினாவைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. டார்வின் கண்டதும், வைஸ்மன் சோதித்ததும், நம் காலத்தார் தெளிந்ததும் அவ்வினாவின் விடையில் அடங்கியுள்ளன. மரபியற் பாடத்தை அப்பூனையிலிருந்தே தொடங்கலாம்.