கட்டுச்சோறும் எல்லைக்கோடும்

ஊரப்பாக்கத்தின் வழியே தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை, கட்டுச்சோற்று மூட்டையோடு பயணம் செய்த பல தலைமுறையினரைக் கண்டது. வழிநடப்போர்க்குச் சோறிடுதல் தமிழர் போற்றிய அறம். அவ்வறம் கடல் கடந்தும் சென்றது. குடிவரவுச் சட்டம் ஒன்றை எதிர்த்த போருக்கும் துணைநின்றது.

1860 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் அதில் இருந்தனர். ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க விரும்பியோர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி சுமத்தப்பட்டது. ஒரு மாகாணத்து இந்தியர் அனுமதிச் சீட்டின்றி மற்றொரு மாகாணத்துள் நுழைவதும் குற்றமாயிற்று. 1913 மார்ச்சில் வெளிவந்த நீதிமன்றத் தீர்ப்பொன்று, கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்றது.

மனைவி என்னும் உரிமையே பறிபோன நிலையில் பெண்கள் வெளிப்பட்டனர். டிரான்ஸ்வாலின் தமிழ்ப் பெண்கள் அனுமதியின்றி எல்லை கடந்து நியூகாசிலை அடைந்து, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு அழைத்தனர். அழைப்பை ஏற்று வெளியேறியோர்க்கு உணவளிக்க முன்வந்தவர் டி. எம். லாசரஸ் என்னும் தமிழ்க் கிறித்தவர். இரண்டு மூன்று அறைகளே கொண்ட அவர் இல்லத்தில் அடுப்பு இரவும் பகலும் அணையவில்லை. சார்லஸ்டவுனில் சோறும் பருப்பும் பொதுவில் சமைக்கப்பட்டன, காந்தியடிகளே பரிமாறினார். பருப்பில் நீர் மிகுந்த நாளும் உண்டு. வேகாத நாளும் உண்டு. உண்டோர் அதனைப் பொறுத்துக்கொண்டனர்.

1913 நவம்பர் 6 அன்று 2,037 ஆடவரும் 127 பெண்டிரும் 57 சிறுவரும் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்தனர். நாளொன்றுக்கு ஒருவர்க்கு ஒன்றரை பவுண்டு ரொட்டி, ஓர் அவுன்சு சர்க்கரை. இவ்வளவே அவர்தம் கட்டுச்சோறு. அந்த ரொட்டியைச் சந்தை விலைக்கே சுட்டுத் தந்து, தங்குமிடந்தோறும் இரயிலில் அனுப்பியவர் ஃபோக்ஸ்ரஸ்டின் ஐரோப்பிய ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் என்பது ஈண்டு நினையத்தக்கது. சட்டம் பிரித்த இருசாராரை உணவு இணைத்தது. நடைப்பயணத்தினர் பின்னர்க் கைதாகி, இரயிலேற்றி நேட்டாலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. தாயரோடு சென்ற கைக்குழந்தைகளுள் ஒன்று குளிரால் இறந்தது. மற்றொன்று ஓடையில் தவறி விழுந்து மாண்டது. மாரிட்ஸ்பர்க் சிறையில் பெண்களுக்கு இழிந்த உணவே கிடைத்தது. வெளியுணவு நெடுநாள் மறுக்கப்பட்டது. பதினாறே வயதான தில்லையாடி வள்ளியம்மை கொடிய காய்ச்சலோடு விடுதலையாகி, 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் நீத்தார்.

அவ்வாண்டே வெளிவந்த இந்தியர் நிவாரணச் சட்டம் தலைவரியை நீக்கியது, திருமணங்களை ஏற்றது. ஆயினும் மாகாண எல்லைத் தடை பல்லாண்டு நீடித்தது. ஆகவே அது முழுவெற்றி எனல் பொருந்தாது. எல்லையில் நிற்பவரிடம் அரசு முதலிற் கேட்பது சீட்டு. நியூகாசிலின் அச்சிறு வீடு கேட்டதோ பசியை. இவ்விரு கேள்விகளுக்கும் இடையிலுள்ள தொலைவே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.