தொலைபேசி வங்கி மோசடி

வங்கி அதிகாரி, காவலர், அரசு ஊழியர் என்று பொய் சொல்லித் தொலைபேசியில் பேசி, கணக்கு வைத்திருப்பவரிடமிருந்தே ரகசிய எண்களைக் கறந்து அவரது பணத்தை எடுக்கும் குற்றம் தொலைபேசி வங்கி மோசடி எனப்படுகிறது. இதில் வங்கியின் கணினியை யாரும் உடைப்பதில்லை. வாடிக்கையாளரின் பயமும் பதற்றமும் ஆசையுமே கருவிகள். ஆகவே தடுக்கும் வலிமையும் பெரும்பாலும் அவரிடமே இருக்கிறது.

பரவல்

ஏடிஎம் அட்டையும் கைப்பேசியும் எளியவர்களின் கைக்கும் வந்த 2010களில் இம்மோசடி இந்தியா முழுவதும் பரவியது. ஜார்க்கண்டின் ஜாம்தாரா மாவட்டம் இதற்குப் பேர்போனது. "பேங்க் மேனேஜர் பேசுறேன், உங்க கார்டு பிளாக் ஆயிடுச்சு" என்று தொடங்கிய பேச்சு, பிறகு கேஒய்சி (வாடிக்கையாளர் விவரம்) புதுப்பித்தல், மின்கட்டணப் பாக்கி, பரிசுப் பணம் என்று வேடம் மாற்றியது. வீடியோ அழைப்பில் காவல் சீருடையில் தோன்றி மிரட்டும் 'டிஜிட்டல் கைது' இதன் அண்மை வடிவம். சட்டத்தில் அப்படியொரு கைது கிடையாது என்று பிரதமர் 2024 அக்டோபர் 27 அன்று வானொலி உரையில் எச்சரித்தார்.

காஞ்சிபுரம் வட்டாரம்

கூரம் உள்ளிட்ட காஞ்சிபுரம் சுற்றுவட்டார ஊர்களில் நெசவுக் கூலி, ஊரக வேலைத் திட்டச் சம்பளம், முதியோர் உதவித்தொகை எல்லாம் இன்று பெரும்பாலும் வங்கிக் கணக்கு வழியாகவே புழங்குகின்றன. மாதம் 1,000 ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டமும் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. இத்தகைய உதவித்தொகைகளின் பெயரைச் சொல்லி ஓடிபி (ஒருமுறைக் கடவு எண்) கேட்பது மோசடிக்காரர்களின் வழக்கம். ஒரு பட்டுச்சேலை தறியிலிருந்து இறங்கப் பல நாட்கள் பிடிக்கும். அதற்கான கூலி கணக்கைவிட்டுப் போக ஒரு நிமிடம் போதும்.

செயல்படும் விதம்

மோசடிக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போதே மறுபுறம் பணப் பரிமாற்றத்தைத் தொடங்கிவிடுகிறார். உடனே வாடிக்கையாளரின் கைப்பேசிக்கு ஓடிபி வருகிறது. எவ்வளவு தொகைக்கான எண் என்பதும், யாரிடமும் பகிர வேண்டாம் என்பதும் பெரும்பாலும் அந்தக் குறுஞ்செய்தியிலேயே இருக்கும். அதைப் படிக்கவிடாமல், "நம்பரை மட்டும் சீக்கிரம் சொல்லுங்க, லைனை கட் பண்ணாதீங்க" என்று அவசரப்படுத்துவதே இவர்களின் உத்தி. திரையைப் பகிரும் செயலியையோ ஏபிகே எனப்படும் செயலிக் கோப்பையோ நிறுவச் செய்தால், எண்ணைக் கேட்கவேண்டிய தேவைகூட இருப்பதில்லை.

தற்காப்பு

• ஓடிபி, பின் எண், அட்டையின் பின்புறமுள்ள சிவிவி எண் ஆகியவற்றை எந்த வங்கியும் தொலைபேசியில் கேட்காது. கேட்டவுடன் இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.
• யுபிஐ பின் எண் பணம் அனுப்பத் தேவை. பணம் பெறத் தேவையில்லை.
• சந்தேகம் வந்தால், அழைத்தவர் தந்த எண்ணையோ இணையத் தேடலில் கிடைத்த எண்ணையோ விட்டுவிட்டு, அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணை அழைக்க வேண்டும் அல்லது கிளைக்கு நேரில் செல்ல வேண்டும்.
• சேவை அழைப்புகளுக்கு 1600 எனத் தொடங்கும் எண்களைப் பயன்படுத்துமாறு ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. ஆனாலும் எந்த எண்ணிலிருந்து கேட்டாலும் ஓடிபி தரக்கூடாது.
• கமிஷனுக்கு ஆசைப்பட்டுக் கணக்கையோ சிம் கார்டையோ பிறருக்குக் கொடுக்கக்கூடாது. திருடிய பணம் இத்தகைய வாடகைக் கணக்குகள் வழியாகவே கைமாறுகிறது. வழக்கு கணக்குக்காரர் மீதும் பாயும்.

பணம் பறிபோனால்

முதலில் 1930 என்ற தேசிய உதவி எண்ணையும் வங்கியையும் அழைக்க வேண்டும். பணம் எடுக்கப்பட்ட நேரம், தொகை, கணக்கு எண், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. புகார் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்கு அனுப்பப்பட்டு, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முயற்சி நடக்கும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். அனுமதியற்ற மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வரையறுத்தது. அதன்படி, வங்கியின் தவறும் இன்றி வாடிக்கையாளரின் தவறும் இன்றிப் பணம் போய், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. அவரே ரகசிய எண்ணைச் சொல்லியிருந்தால், தெரிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவருடையது; தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியுடையது. வங்கியின் பதில் திருப்தி தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

சட்டம்

கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 66டி பிரிவு 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 318, 319 பிரிவுகளும் பொருந்தும்.

ஏமாந்தவர் குற்றவாளி அல்லர். வீட்டார் திட்டுவார்கள் என்று அஞ்சி மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கே லாபம். 1930 என்ற எண்ணை வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் கைப்பேசியிலும், முக்கியமாக முதியவர்களின் கைப்பேசியில், இன்றே பதிந்து வையுங்கள்.