மூல் கணக்கும் கிறீன் வைத்தியரும்

ஏ.எல். வரைக்கும் நாங்கள் மூல் கணக்கைத் தமிழிலதான் செய்தம். 4 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டு எத்தனை மூல்? மூலர்த் திணிவு 40, அதால பிரிச்சா 0.1. கம்பஸில அதே கணக்கு ஆங்கிலத்தில வர, முழிச்சுக்கொண்டு இருந்தம்.

இந்த முழிப்புப் பழசு. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் மேற்கத்தைய விஞ்ஞானம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. 1855இல் அது மூடப்பட்டது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் வேறு மாதிரி யோசித்தார். மானிப்பாயில் 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அவரது முயற்சியில் இரசாயனவியலுக்கும் தமிழ் நூல் ஒன்று 1875இல் அச்சானது. பெயர் 'கெமிஸ்தம்'. ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு வளைத்து வைத்த பெயர்.

சொல் எங்கிருந்தும் வரட்டும், விளக்கம் தமிழில் இருக்கவேணும் என்பதுதான் அதன் பாடம். 150 வருசம் போயிட்டுது. முதலாம் வருடக் கணக்குகளுக்குத் தமிழில் விளக்கம் எழுத நாங்களே தொடங்கினால் என்ன?