எண்டாவ், 1942: ஜொகூரின் கிழக்குக் கரையும் நிகழாத தரையிறக்கமும்

1942 ஜனவரி 27 விடியுமுன், ஜொகூரின் வடகிழக்கு மூலையில் எண்டாவ் ஆற்று முகத்துக்கு அப்பால் ‘தானெட்’ என்ற பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் மூழ்கியது. மலேயாப் போரைப் பேசும் நூல்கள் பலவற்றில் இந்தச் சண்டைக்குச் சில பத்திகளுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு அப்பால் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரு பெருங்கப்பல்களும் மூழ்கியதோடு கடல் பற்றிய பேச்சு முடிந்துவிடும். பிறகு ஸ்லிம் ரிவர், கெமாஸ், மூவார் என்று எல்லாம் தரைப்போர்தான். ஆனால் குவாந்தானில் கடல் கைமாறியதன் விளைவை ஜொகூரில் எண்டாவை வைத்துத்தான் அளக்க முடியும். கடலை இழந்தவனுக்கு எதிரி எங்கே இறங்குவான் என்பது தெரியாது. இறங்காத இடத்திலும் அவன் இறங்கியதாகவே எண்ணிப் படையை நிறுத்த வேண்டியிருக்கும். ஜொகூர் பறிபோனதில் மூவாருக்கு எவ்வளவு பங்கோ, அந்த நிகழாத தரையிறக்கத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குவாந்தான் சண்டையிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. அட்மிரல் டாம் பிலிப்ஸ் அந்த இரு கப்பல்களோடு டிசம்பர் 8 மாலை சிங்கப்பூரிலிருந்து கிளம்பியது சிங்கோரா, கோத்தா பாரு கரைகளில் இறங்கிக்கொண்டிருந்த ஜப்பானியப் படையைத் தாக்கத்தான். ஜப்பானிய விமானங்கள் தம்மைக் கண்டுவிட்டன என்று தெரிந்ததும் அவர் திரும்பினார். அந்த வேளையில் குவாந்தானில் தரையிறக்கம் என்று ஒரு செய்தி வந்தது. அதை நம்பி அங்கே போனார். கரையில் யாரும் இறங்கியிருக்கவில்லை. சைகோன் வட்டாரத்துத் தளங்களிலிருந்து வந்த கடற்படை விமானங்கள் இரு கப்பல்களையும் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டனர். பொய்யான ஒரு தகவலால் அழிந்த கப்பல்கள் என்று இதைச் சுருக்கிவிடுவது நியாயமல்ல; வேட்டை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆனால் ஒரு வதந்தியையும் அலட்சியம் செய்ய முடியாத நிலையில் பிலிப்ஸ் இருந்தார் என்பதை மறுப்பதற்கில்லை.

அதே நிலை ஏழு வாரங்களுக்குப் பிறகு ஜொகூருக்கு வந்தது. கிழக்குக் கரையில் மெர்சிங்தான் ஆபத்தான இடம் என்பது போருக்கு முன்பே எல்லாரும் ஒப்புக்கொண்ட கருத்து. கடற்கரை தட்டையானது, அங்கிருந்து ஜெமாலுவாங் வழியாகக் குளுவாங்குக்கும், கோத்தா திங்கி வழியாக ஜொகூர் பாருவுக்கும் சாலை உண்டு. ஆகவே ஆஸ்திரேலியாவின் 22ஆம் பிரிகேட் முள்கம்பியும் கண்ணிவெடியும் போட்டு அங்கே காத்திருந்தது. மேற்கே மூவார் ஆற்றைக் காக்கும் பொறுப்போ இந்தியப் படையின் 45ஆம் பிரிகேடுக்குப் போனது. மத்தியக் கிழக்குப் பாலைவனத்துக்கென்று திரட்டப்பட்டு, பயிற்சி முடியுமுன் மலேயாவுக்குத் திருப்பப்பட்ட இளைஞர்கள் அவர்கள். ஜனவரி நடுவில் ஜப்பானியர் மூவார் ஆற்றைக் கடந்தபோது அந்தப் பிரிகேட் சில நாள்களில் சிதறியது. கிழக்கிலிருந்து ஒரு பட்டாளத்தைப் பிய்த்து மூவார்ப் பக்கம் பாக்ரிக்கு அனுப்பினார்கள். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. தேர்ந்த படை கடலைப் பார்த்து நின்றது, தேராத படை சண்டையை எதிர்கொண்டது. இந்த ஏற்பாட்டைத் தளபதிகளின் அறிவீனம் என்று எழுதுவது எளிது. கடல் கையில் இல்லாதபோது அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஜப்பானியத் திட்டத்தில் முதலில் எண்டாவ்–மெர்சிங் கரையில் ஒரு பெரும்படையை இறக்கும் எண்ணம் இருந்ததும் உண்மை. தரைவழி முன்னேற்றம் எதிர்பார்த்ததைவிட வேகமாக நடந்ததால் அது கைவிடப்பட்டது. குவாந்தானிலிருந்து தரைவழியாக வந்த துருப்புகள் ஜனவரி மூன்றாம் வாரத்திலேயே எண்டாவ் வட்டாரத்தை எட்டிவிட்டன. ஜனவரி 26 காலை எண்டாவுக்கு வந்த ‘கான்பெரா மாரு’, ‘கன்சாய் மாரு’ என்ற இரு கப்பல்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் காஹாங், குளுவாங் விமானத்தளங்களை இயக்கப் போகும் தரைப்பணியாளர்கள். கூடவே அவர்களுக்கான எரிபொருளும் தளவாடமும். துணைக்கு ‘செந்தாய்’ என்ற இலகு குரூசரும் ஆறு நாசகாரிகளும் வந்தன.

சிங்கப்பூரில் இதைப் பின்பக்கத்தை அறுக்க வரும் படையெடுப்பு என்று கொண்டார்கள். காலையிலேயே கப்பல்கள் கண்ணில் பட்டும் விமானத் தாக்குதல் பிற்பகலில்தான் நடந்தது. விமானிகள் முந்தின இரவெல்லாம் பத்து பகாட் பின்வாங்கலுக்குத் துணையாகப் பறந்து களைத்திருந்தனர். அவர்களிடம் இருந்த ‘வில்டபீஸ்ட்’ இரட்டை இறக்கை விமானம். விமானி அமர்வது திறந்த குழியில். வேகம் மணிக்குச் சுமார் 230 கிலோமீட்டர். டார்பிடோ போடவென்றே செய்யப்பட்ட விமானம் அது. ஆனால் கரையோரத்தில் ஆழம் போதாததால் குண்டு கட்டிக்கொண்டு போயிற்று. முதல் அலையில் 12, இரண்டாம் அலையில் 9. இரு முறையும் ஜப்பானியப் போர்விமானங்கள் மேலே காத்திருந்தன. போன வில்டபீஸ்ட்களில் ஏறத்தாழப் பாதி திரும்பவில்லை; 36, 100 ஆம் ஸ்குவாட்ரன்களின் தலைவர்கள் இருவரும் இறந்தார்கள். சரக்குக் கப்பல்கள் இரண்டும் அடி வாங்கின, மூழ்கவில்லை.

அன்று மாலையே ‘தானெட்’டும் ஆஸ்திரேலியாவின் ‘வாம்பயர்’ நாசகாரியும் சிங்கப்பூரை விட்டன. இரண்டும் முதல் உலகப் போர்க் காலத்துக் கட்டுமானம். கிடைத்த மற்றக் கப்பல்கள் சிங்கப்பூருக்குத் துருப்பு கொண்டுவரும் கப்பல்களுக்குக் காவலாக ஓடிக்கொண்டிருந்தன. ஆக, பிரிட்டிஷ் கடற்படை தெற்கு வாசலைத் திறந்து வைக்கவே தன் பலத்தைச் செலவிட்டது. எண்டாவுக்கு மிச்சமிருந்தது இவ்வளவுதான். இருட்டில் இரண்டும் விட்ட டார்பிடோக்கள் ஒன்றும் இலக்கைத் தொடவில்லை. திரும்பும் வழியில் ‘தானெட்’டின் எந்திர அறையில் குண்டு பட்டது. ‘வாம்பயர்’ புகைத்திரை போட்டுப் பார்த்தும் அதைக் காப்பாற்ற முடியவில்லை.

அதே இரவு, மெர்சிங்–ஜெமாலுவாங் சாலையோரத்து நித்ஸ்டேல் ரப்பர் தோட்டத்தில் ஆஸ்திரேலியர் பதுங்கியிருந்து ஜப்பானியரைத் தாக்கி பலத்த சேதம் விளைவித்தனர். ‘தானெட்’ மாலுமிகளில் 31 பேரை ஜப்பானிய நாசகாரி ஒன்று காப்பாற்றி எண்டாவில் தரைப்படையிடம் ஒப்படைத்தது. அதன்பின் அவர்களை யாரும் பார்க்கவில்லை. நித்ஸ்டேலுக்குப் பழி தீர்த்தார்கள் என்று கருதப்படுகிறது. ஜொகூர்த் தோட்டங்களின் வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்கள் சயாம் மரண ரயிலுக்குப் போனவர்களோடு தொடங்குவது வழக்கம். அதற்கு முன்பே போர் பால்மரங்களுக்கு இடையில் வந்து நின்றிருக்கிறது என்பதும் அதில் சேர வேண்டும்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எண்டாவில் ஜப்பான் தோற்றிருந்தாலும் ஜொகூர் விழுந்திருக்கும். ஜப்பானியத் தளபதி யமஷித்தாவின் பெரும்படை மேற்குச் சாலையில் வந்துகொண்டிருந்தது. பின்வாங்கும் முடிவும் அந்தச் சண்டைக்காகக் காத்திருக்கவில்லை. உண்மைதான். எண்டாவ் ஜொகூரின் விதியைத் தீர்மானித்தது என்று நான் சொல்லவில்லை. மெர்சிங்கில் முள்கம்பி கட்டிய கைகள் மூவாரில் இல்லாமல் போனதற்குக் காரணம் குவாந்தானுக்குப் பிறகு கிழக்குக் கடல் முழுவதும் சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டதுதான். அந்தச் சந்தேகத்துக்குக் கொடுத்த கடைசித் தவணைதான் எண்டாவ்: பழைய விமானங்களில் பாதியும் ஒரு நாசகாரியும், அதுவும் தளப்பணியாளர்களைத் தடுப்பதற்காக. ஜனவரி 31 அன்று ஜொகூர்ப் பாலம் தகர்க்கப்பட்டது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது.

‘வாம்பயர்’ குவாந்தானிலும் இருந்தது. மூழ்கிய ‘ரிபல்ஸ்’ மாலுமிகளைத் தூக்கி எடுத்த நாசகாரிகளில் அதுவும் ஒன்று. எண்டாவிலிருந்து தப்பிய அது இலங்கைக்குப் போய், 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலோடு சேர்ந்து மூழ்கியது. அன்று ‘ஹெர்மிஸ்’ தளத்தில் ஒரு விமானமும் இல்லை. மலேயாவில் கண்ட அதே விமானக் குறை வங்கக்கடலின் மறுகரையிலும் தொடர்ந்தது. ஆகவே இந்த மூன்று சண்டைகளையும் தனித்தனி நாடுகளின் வரலாற்றில் பிரித்துப் படிப்பதைவிட, ஒரே கடற்போரின் மூன்று கட்டங்களாகச் சேர்த்துப் படிப்பதே பொருந்தும்.