கொயினாப் பட்டையும் 1934 காய்ச்சலும்

ஏ.எல். பிள்ளைகளுக்கு நைதரசன் உள்ள வளையச் சேர்வைகள் என்றால் பாடமாக்க வேண்டிய அறுகோணப் படங்கள்தான். அதில் ஒன்று குயினோலின். பென்சீன் வளையம் ஒன்றும், நைதரசன் உள்ள இன்னொரு வளையமும் ஒட்டிக்கொண்ட உரு. நம் மூத்தம்மாமார் முகம் சுளித்துக் குடித்த கொயினாவுக்குள் இருப்பது இந்த வளையம்தான்.

அந்தக் கொயினா மரம் நம் நாட்டிலேயே வளர்ந்தது. 1861இல் வெள்ளைக்காரன் ஹக்கலையில் தோட்டம் போட்டதே சின்கோனா வளர்க்கத்தான். இலைநோயில் கோப்பி அழிந்தபோது துரைமார் எல்லோரும் சின்கோனா நட்டார்கள். 1886 அளவில் சுமார் 150 இலட்சம் இறாத்தல் பட்டை கப்பலேறியது. சந்தை நிரம்பி விலை விழுந்தது. ஜாவாப் பட்டையில் மருந்துச் சத்தும் கூட. மரங்களைப் பிடுங்கித் தேயிலை நட்டார்கள்.

1934இல் மழை பொய்த்தது. ஓடிய ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. நுளம்பு பெருகியது. நமக்கு மேற்கே குருநாகலும், கேகாலையும்தான் மோசமாக அடிபட்டன. சில மாதங்களில் சுமார் 80,000 உயிர்கள் போயின. விளைச்சலும் இல்லாததால் பசியோடு கிடந்த உடம்புகள் அவை. சூரியமல் இயக்கத்தார் கொயினாவும் சாப்பாட்டுச் சாமானும் கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். ஒரு காலம் உலகத்துக்கே பட்டை விற்ற நாடு, தன் பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து வந்த கொயினாவை எதிர்பார்த்து நின்றது.

இன்னொன்று. அதே 1934இல் ஜேர்மனியில் ஹான்ஸ் ஆண்டர்சாக் என்பவர் குயினோலின் வளையத்தை வைத்தே குளோரோகுயினைச் செய்துவிட்டார். நச்சு அதிகம் என்று கம்பனி ஒதுக்கி வைத்தது. உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கர்கள் திரும்பச் சோதித்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

2012 ஒக்டோபருக்குப் பின் மலேரியா இங்கே நிலைத்துப் பரவவில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் அதை உறுதிப்படுத்தியது. ஆனால் நுளம்பு இன்னும் இருக்கிறது. மாணிக்க வியாபாரத்துக்கு மடகஸ்கார், ஆபிரிக்கா என்று போய் வரும் நம்மவர்கள் காய்ச்சல் வந்தால் பெனடோலோடு நிற்க வேண்டாம். எந்த நாட்டுக்குப் போனீர்கள் என்று டொக்டரிடம் சொல்லி இரத்தம் சோதிக்கக் கேளுங்கள். ஒரு வகைக் கிருமி ஈரலில் மாதக்கணக்கில் உறங்கும். அதற்குத் தரும் பிரைமாகுயினும் இதே வளையம்தான். காய்ச்சல் விட்டாலும் டொக்டர் சொன்ன நாள்வரை குளிசையை நிறுத்தாதீர்கள்.